உன் கொப்பியில் எழுதிய சொல்

நேற்றுப் பின்னேரம் தலைக்கு டை பூச உட்கார்ந்தேன். உனக்குச் சிரிப்பு வரும். நரைத்தால் நரைத்தபடி திரிவதுதான் அழகு என்று இளவயதில் உனக்குப் பிரசங்கம் செய்தவள் நான். இப்போது ஒரு கலியாண வீட்டுக்குப் போக வேண்டி வந்ததும் கடைக்கு ஓடிப்போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு குழாயையும் பழைய பீங்கான் கோப்பை ஒன்றில் பிதுக்கிக் கலக்கினேன். கலக்கின உடனே மூக்கைப் பிடுங்கிக்கொண்டு அந்த மணம் எழும்பியது. அம்மோனியா. கண் கலங்கியது, மணத்தாலும்தான், உன்னாலும்தான். கோப்பையைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்து சும்மா இருந்தேன். கலக்கின டை அப்படியே காய்ந்து வீணாய்ப் போனது.

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டின் மருந்து அலுமாரியில், கண்ணாடி மூடி போட்ட ஒரு மண்ணிறப் போத்தல் இருந்தது. மயங்கி விழுந்து கொண்டுவரப்படும் பெண்களுக்கென்று வைத்திருந்தோம். ஆண்களுக்கு அதை எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பஞ்சை நனைத்து மூக்கடியில் பிடிப்போம். தலையைத் திருப்பிக் கையால் தட்டிவிட்டால் அது ஹிஸ்டீரியா. அசையாமல் கிடந்தால் வேறு ஏதோ வருத்தம், டொக்டரைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு வேலை பழக்கிய மூத்த தாதி அந்தப் போத்தலுக்குப் பேயோட்டி என்று பெயர் வைத்திருந்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே அப்படிச் சொல்லப் பழகிவிட்டோம்.

உன் மூக்கிலும் நான் அதைப் பிடித்தேன். முப்பத்தேழு வருடமாக எழுதாமல் வைத்திருந்ததை இன்று எழுதப்போகிறேன். வாசிக்க நீ இல்லை என்ற தைரியமும் இதில் கொஞ்சம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் தாதி வேலைக்குப் போனேன். நீ கணக்கு ரீச்சராகப் பண்டத்தரிப்புக்கே திரும்பி வந்தாய். உன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் நீ, அம்மா, உனக்கு ஐந்து வயது இளைய வதனி, மூன்று பேர்தான். எனக்கு ஓய்வு கிடைக்கிற சனிக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன் அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி தேத்தண்ணி தருவா, நீ பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே என்னோடு கதைப்பாய்.

எண்பத்தாறின் கடைசியில் அப்படி ஒரு சனிக்கிழமை. சிவப்புப் பேனையால் சரி, பிழை போட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாய்.

"என்னடி எரியுது? தலைமயிர் பொசுங்கிற மாதிரி மணக்குது."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். காங்கேசன்துறைப் பக்கம் அன்று உண்மையாகவே புகை எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் இருந்து ஷெல் விழுந்த சத்தமும் கேட்டது. "அங்காலைதான் எங்கையோ எரியுது" என்றேன். திரும்பிப் பார்த்தால் உன் கண் என்மேல் நிற்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலை மெல்லுவதுபோல் வாய் அசைந்தது. இடது கை சேலைத் தலைப்பை நுள்ளி நுள்ளி எடுத்தது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு "என்ன கேட்டனீ?" என்றாய், ஒன்றும் நடக்காததுபோல. நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. யாரோ ஒரு பொடியனின் கொப்பியில் உன் சிவப்புக் கோடு கணக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாய்வரைக்கும் போயிருந்தது.

"பகல் கனவோ? மாப்பிள்ளையை நினைச்சனியோ?" என்று நான் பகிடி பண்ணினேன். மூன்று வருடம் நோயாளிகளோடு கிடந்து படித்தவள் பண்ணுகிற பகிடியா அது?

பிறகும் இரண்டு மூன்று தரம் அந்த மணம் வந்ததாகச் சொன்னாய். யார் கவனித்தார்கள்? வேறொரு ஊரில், வேறொரு காலத்தில் ஒரு பெண் அடிக்கடி எரிகிற மணம் வருகிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் ஓடிப்போய் அடுப்பைப் பார்த்திருப்பார்கள். அடுப்பு அணைந்திருப்பதைக் கண்டால் இவளுக்கு என்னவோ செய்கிறது என்று விளங்கியிருக்கும். எங்கள் ஊரில் அப்போது எந்த நேரமும் எங்காவது ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது. நீ சொன்ன மணத்துக்கு எப்போதும் ஒரு புகை சாட்சி நின்றது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் எரிபொருள் வருவது நின்றுபோய், சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற நாட்களில்தான் பெரிதாக வந்தது. வரிசையில் நின்றபடி விழுந்துவிட்டாய். யாரோ உன் கையில் ஒரு திறப்புக் கோர்வையைத் திணித்தார்களாம், இரும்பு பிடித்தால் நிற்கும் என்று. இரண்டு பேர் உன்னை ஒரு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் இறக்கியபோது வாட்டில் நான்தான் கடமையில் இருந்தேன்.

முகத்தைக் கண்டதும் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். பழக்கத்தில் போத்தலை எடுத்தேன். பஞ்சை உன் மூக்கடியில் பிடித்தேன். நீ தலையைத் திருப்பவில்லை. இன்னும் கிட்டப் பிடித்தேன். என் கண்ணில் தண்ணீர் ஓடியது, நீ அசையவில்லை. உன் வாயோரம் இரத்தம் வடிந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின் வலது பக்கம் ஆழமாகக் கடிபட்டிருந்தது. சேலையும் நனைந்திருந்தது. அப்போதே எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இரத்தத்தைத் துடைத்தேன், சேலையை மாற்றி என் அலுமாரியில் இருந்த சேலையை உடுத்திவிட்டேன். சிநேகிதிக்குச் செய்கிற உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். டொக்டர் வந்து பார்ப்பதற்கு இருந்த இரண்டு அடையாளத்தில் ஒன்றைக் கழற்றி வாளிக்குள் போட்டேன், மற்றதை உன் மூடிய வாய்க்குள் விட்டேன்.

மாமி ஓடிவந்தா. விறாந்தையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"பிள்ளை, காக்கை வலியெண்டு மட்டும் எழுத விடாதை. உன்னைக் கும்பிட்டன். கனடா மாப்பிள்ளை வீட்டுக்காரர் வதனியின்ரை சாதகத்தைக் கொண்டுபோய் ஒரு கிழமை ஆகேல்லை. குடும்பத்திலை வலியெண்டு ஒரு சொல்லு வெளியிலை போனா அவளை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். இவளையும் எடுக்கமாட்டினம். ரெண்டு குமரும் வீட்டோடை கிடக்குங்கள்."

"மாமி, டொக்டர் பார்த்துத்தானே எழுதுவார்."

"நீ சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்."

அது சரியான கதை. உள்ளதிலேயே சரியான கதை அதுதான். அந்த நாட்களில் அங்கே டொக்டர்மார் ஓரிரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். காயப்பட்டு வருகிறவர்களோடேயே அவர்களுக்குப் பொழுது போய்விடும். வலி வந்து இழுப்பதை அவர் கண்ணால் காணப்போவதில்லை. கண்டவர்களைக் கேட்டு, கேட்டதை வைத்துத்தான் எழுதுவார். மாலையில் அவர் வந்தபோது நீ விழித்திருந்தாய். கட்டிலில் சாய்ந்திருந்தாய். நாக்கு வீங்கிக் கதைக்க இயலவில்லை.

"நாக்குக் கடிபட்டதோ, மிஸ்ஸி?"

"இல்லை டொக்டர்."

"சலம் போனதோ?"

"இல்லை."

"வயசென்ன? கலியாணம் கட்டினவவோ?"

"இருபத்தொன்பது. இன்னும் கட்டேல்லை."

அவர் தலையை ஆட்டினார். "வீட்டிலை ஏதும் யோசனையளோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உன் கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எழுதிக் கீழே கோடு இழுத்தார். ஹிஸ்டீரியா. நித்திரைக்கு ஏதோ ஒரு குளிசை எழுதினார். அவரில் ஒரு பிழையும் சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அடுத்த கட்டிலின் போர்வையைச் சரிப்படுத்தப் போய்விட்டேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்தேன். பாதி வழியில்தான் கேட்டாய்.

"நீ பொய் சொன்னது எனக்காகவோ, அம்மாவுக்காகவோ?"

"வதனிக்காக" என்றேன்.

சில்லில் பட்ட சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாய். பிறகு "அப்ப சரி" என்றாய். அதோடு நிறுத்தவில்லை. "எண்டாலும் என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாய். சைக்கிளை நிறுத்தி உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முன்னுக்குப் பார்த்து மிதித்தேன்.

அந்தச் சொல்லை நீ சும்மா விடவில்லை. கணக்கு ரீச்சர் எல்லோ. பட்டணத்து நூலகம் எரிந்து அப்போது ஆறு வருடம். உன் பள்ளிக்கூட அலுமாரியில் மிசனரிமார் காலத்து ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் சில தொகுதிகள் பூச்சி அரித்தபடி கிடந்தன. நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்தச் சொல் இருந்த தொகுதி பூச்சிக்குத் தப்பியிருந்தது. பாதியை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாய். அடுப்படியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எடி, எனக்கு வந்திருக்கிற வருத்தம் என்னெண்டு தெரியுமோ? அது கிரேக்கச் சொல்லாம். கருப்பை எண்டுதான் அதுக்குக் கருத்தாம்."

"கருப்பைக்கும் விழுறதுக்கும் என்ன?"

"கேள். அந்தக் காலத்து வைத்தியர்மார் கருப்பையை ஒரு மிருகமெண்டு நினைச்சிருக்கினம். பிள்ளை பெறாத பொம்பிளையின்ரை கருப்பை பாரமில்லாமல் காய்ஞ்சு போய், இருந்த இடத்திலை இராமல் உடம்புக்குள்ளை ஊர் சுத்துமாம். நெஞ்சிலை ஏறினா மூச்சு முட்டுமாம். தொண்டைக்கு வந்தா கதை நிண்டு போமாம். என்ரை கருப்பை அண்டைக்கு மண்ணெண்ணெய் வரிசையிலை எங்கை போனதோ தெரியேல்லை. மானிப்பாய் பஸ்ஸிலை ஏறப் பாத்ததோ என்னவோ."

நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு கொப்பியைப் புரட்டினாய்.

"மருந்து என்ன தெரியுமோ? கருப்பைக்கு மணம் பிடிக்குமாம். மேலை ஏறின கருப்பையைக் கலைக்க மூக்கிலை நாத்தமான சாமானைப் பிடிப்பினமாம். மயிரை எரிச்சுப் பிடிப்பினமாம். கீழை வாசனை வைச்சு வா வா எண்டு கூப்பிடுவினமாம். பிறகு அம்மோனியாவும் வந்திட்டுதாம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் அலுமாரிப் போத்தல் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின அந்த எண்ணத்தின் மிச்சம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நாங்கள் விஞ்ஞானம் செய்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பேயோட்டுகிறவன் செத்தல் மிளகாயை நெருப்பில் போட்டுப் புகை பிடிப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள் நான். வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

"எல்லாத்துக்கும் மேலை பெரிய மருந்து ஒண்டு இருக்கு" என்றாய். "கலியாணம் கட்டிப் பிள்ளை பெறவேணுமாம். அம்மாவுக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனா அச்சொட்டா அதைத்தான் அவவும் சொல்லுறா." பிறகு இன்னொரு பக்கத்தைக் காட்டினாய். "இதைப் பார். முதலாம் உலகச் சண்டையிலை நிண்ட ஆமிக்காரருக்கும் இப்பிடி நடுக்கமும் வாய் பேசாமல் போறதும் வந்திருக்கு. அவையின்ரை வருத்தத்துக்கு மட்டும் வேறை பேர். ஷெல் அதிர்ச்சியாம். எங்களுக்கு மேலையும் ஷெல்தானே விழுது? எங்களுக்கு மட்டும் ஏன் கருப்பை?"

நான் வெங்காயத்தை எடுத்து உரித்தேன். நீ கொப்பியை மூடினாய். குரல் மாறியது.

"பகிடியை விடு. உதை ரெண்டு தரம் வாசிச்சனான். உதிலை எங்கையும் நாக்குக் கடிபடும் எண்டு எழுதேல்லை. எனக்கு வந்தது வேறை. உனக்கும் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

"அப்ப வந்து டொக்டரிட்டைச் சொல்லு. என்னாலை வகுப்பிலை நிக்கப் பயமாயிருக்கு. கரும்பலகையிலை எழுதிக்கொண்டு நிக்கேக்கை மணம் வந்தா என்ன செய்யிறது? பிள்ளையளுக்கு முன்னாலை சேலை நனைய விழுறதோ?"

"சொல்லுறன். வதனி பிளேன் ஏறட்டும். ஏறின அடுத்த நாளே வந்து சொல்லுறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நீ நம்பினாய். நானும் பொய்யாகச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வதனி போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கனடாக்காரர் சரி என்று கடிதம் போட்டுவிட்டார்கள். ஆனால் பாதை பூட்டினார்கள், திறந்தார்கள், பிறகும் பூட்டினார்கள். ஐப்பசியில் பெரிய சண்டை வந்தது. நான் வாட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிழமைக் கணக்கில் அங்கேயே கிடந்தேன். இரண்டு மாதம் என்றது பத்து மாதமாய் இழுபட்டது. அந்தப் பத்து மாதமும் உனக்குத் தேவையான சின்ன வெள்ளைக் குளிசை என் வாட்டு அலுமாரியில் இருந்தது. எத்தனையோ மருந்து இல்லாமல் போன காலத்திலும் அது இருந்தது. டொக்டர் எழுதாமல் எடுத்துத் தர எனக்குப் பயம். எழுதுவிக்க வேண்டுமென்றால் என் பொய்யை நானே சொல்ல வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் வலி உள்ளவர்களை நெருப்படிக்கும் கிணற்றடிக்கும் தனியே விடமாட்டார்கள். படிக்காத சனத்துக்கும் தெரிந்த காவல் அது. உன்னைத் தனியே கிணற்றடிக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், அயலட்டைக்கு அதுவே போதும். "ஏன் ரீச்சர் இப்ப தனியத் தண்ணி அள்ளுறேல்லை?" என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் விடையைச் சொல்லிவிடுவாள். அதனால் நான் சொல்லவில்லை. மாமியும் சொல்லவில்லை. ஹிஸ்டீரியாக்காரி கிணற்றடிக்குப் போகலாம். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காக நீ நாள்தோறும் தனியே போய்வந்தாய்.

தை பிறந்து வதனி கொழும்புக்கு வெளிக்கிட்டாள். பஸ்சடியில் நீ அவளைக் கட்டிப்பிடித்து அழவில்லை. "போய்ச் சேந்த உடனை கடிதம் போடு, இல்லாட்டி அம்மா என்ரை உயிரை எடுத்துப்போடுவா" என்று ஏசி அனுப்பினாய். திரும்பி வரும்போது என் கையைக் கிள்ளினாய். "பாதிக் கடல் தாண்டியாச்சு. இனி நீ சத்தியம் பண்ணினதுக்குத் தயாராகு" என்றாய். நான் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன், உண்மையாகவே. பிளேன் அடுத்த மாதம் என்று சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் காலை. மாரி நன்றாகப் பெய்து கிணறு கட்டுக்குச் சற்றுக் கீழ்வரை நிறைந்திருந்தது. உன்னைக் கிணற்றுக்குள் இருந்து தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஆள் வந்து சொன்னது.

தாதி என்றபடியால் உன்னைக் கழுவி உடுத்துகிற வேலையை என்னிடம் விட்டார்கள். உன் தலையில் பாதிக்குச் சீயாக்காய் ஒட்டியிருந்தது. காது மடலுக்குள்ளும் இருந்தது. கிணற்றடியில் இழுத்து வைத்த வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. முழுகவென்று வந்து தலையில் பாதி தேய்த்தவள் அந்தக் கோலத்திலா குதிப்பாள்? வாய்க்கட்டுக் கட்டமுன் உன் வாயை மெல்லத் திறந்து பார்த்தேன். நாக்கின் வலது பக்கம். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதுக் காயம். பார்த்தேன். மூடினேன். வெள்ளைத் துணியை எடுத்து நாடியைச் சுற்றி உச்சியில் முடிந்தேன். என் கையால்தான் முடிந்தேன்.

மரண விசாரணைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். முன்வீட்டில் கதிரையில் இருந்து உன் கிளினிக் கொப்பியைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டு அந்தச் சொல்லை வாசித்தார்.

"இளையவளுக்குத்தான் முதல் கலியாணம் சரிவந்தது என்ன?" என்று மாமியைக் கேட்டார். மாமி தலையில் அடித்து அழுதா. அவர் என்னைப் பார்த்தார். "மிஸ்ஸி, பிள்ளை மனம் சரியில்லாமல் இருந்தவவோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கொழும்பில் வதனி இன்னும் பிளேன் ஏறவில்லை. மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"தெரியாது ஐயா" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் பேனையை எடுத்தார். "தவறி விழுந்தது எண்டு எழுதிவிடுறன். சின்னவளின்ரை காரியம் ஒண்டு இருக்கெல்லே. கடவுள் என்னை மன்னிக்கட்டும்" என்று மெல்லமாகச் சொன்னார். எங்களுக்காகப் பொய் எழுதுவதாக நினைத்துக்கொண்டு அந்த மனிதர் உண்மையை எழுதினார். அந்த வீட்டில் அதைத் தெரிந்துகொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

கடதாசியில் என்ன எழுதினாலும் ஊருக்குத் தெரிந்தது வேறு. குமர்ப்பிள்ளை கிணற்றில் குதித்தால் தவறி விழுந்தது என்றுதான் எப்போதும் எழுதுவார்கள். தங்கச்சி முந்திப் போனதைத் தாங்காமல் குதித்துவிட்டாள் என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். ஹிஸ்டீரியாவாம், கொப்பியிலேயே இருக்கிறதாம் என்று சொல்லச் சொல்ல அந்தச் சொல்லுக்குப் பாரம் ஏறியது. வதனிக்குக் கடிதம் எழுத மாமிக்குக் கை வரவில்லை. நான்தான் எழுதினேன். கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று எழுதினேன். அதை அவள் எப்படி வாசித்திருப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. அவளும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது நானும் மாமியும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் போய்க் கிடந்தோம். மாமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், என் கையைத் தேடிப் பிடித்தா.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. அவள் ஏன் குதிச்சவள்? நான் என்ன பிழை விட்டனான்?"

"மாமி, அவள் குதிக்கேல்லை. வலி வந்து விழுந்தவள். உங்களுக்குத் தெரியும்தானே."

மாமி என்னைக் குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தா. "அவளுக்கு எங்கை வலி? டொக்டரெல்லே எழுதினவர்" என்றா.

விறாந்தையில் என்னைக் கும்பிட்டு அந்தச் சொல்லை வாங்கினவவே அதை முழுதாக நம்பிவிட்டா. நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. தன்னை ஆற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைத் தடவினா. கார்த்திகை முடியமுன் போய்விட்டா, தன் மூத்தவளைத் தானே குதிக்க வைத்துவிட்டதான எண்ணத்தோடு.

அதற்குப் பிறகாவது வதனிக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. முதலில் அவளுக்குக் கலியாணம் புதிது என்றேன், பிறகு பிள்ளைகள் வளரட்டும் என்றேன். கடைசியில் பழையதைக் கிண்டி என்ன பிரயோசனம் என்றேன். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சாட்டு எனக்குக் கிடைத்தது. நான் ஓய்வுபெறும் காலத்தில் கொப்பிகளில் அந்தச் சொல்லை எழுதுவதே நின்றுவிட்டது. புதுப் பெயர்கள் வந்துவிட்டன. இளம் தாதிமார் என்னிடம் அதற்குக் கருத்துக் கேட்டால் உன் கருப்பைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். நாக்குக் கடிபட்டதா என்று நீங்களே வாயைத் திறந்து பாருங்கள், ஆரும் சொல்வதை வைத்து எழுத விடாதீர்கள் என்பேன். ஏன் என்று ஒருத்திக்கும் சொன்னதில்லை.

போன மாதம் வதனி கனடாவில் இருந்து போன் எடுத்தாள். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பாள், சுகம் கேட்பாள், உன்னைப் பற்றி ஒருபோதும் கதைக்கமாட்டாள். இந்த முறை குரல் பதறியது.

"அக்கா, பேத்திக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்திலை ஃபிட்ஸ் வந்து விழுந்திட்டாள். குடும்பத்திலை ஆருக்கும் உந்த வருத்தம் இருந்ததோ எண்டு டொக்டர்மார் கேக்கினம். நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருந்தனீங்கள். எங்கடை ஆக்கள் ஆருக்கும் இருந்ததோ?"

இனிச் சாட்டு இல்லை. "அக்காவுக்கு இருந்தது" என்றேன்.

"எந்த அக்காவுக்கு?"

"உன்ரை அக்காவுக்கு. அவளுக்கு வலி. நான்தான் டொக்டரிட்டை இல்லையெண்டு பொய் சொன்னனான். அண்டைக்குக் கிணத்தடியிலையும் வலி வந்துதான் விழுந்தவள். நான் நாக்கைப் பாத்தனான்."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"அப்ப அக்கா குதிக்கேல்லையோ?"

"இல்லை அம்மா."

"நான் முந்திப் போனதாலை இல்லையோ?"

"இல்லை. நீ போறதுக்காகத்தான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள்."

அவள் அழுத அழுகையை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுசி அப்படி அழுது நான் கேட்டதில்லை, இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தும். இடையில் சொன்னாள், உன் படத்தை இன்றுவரைக்கும் வீட்டில் கொழுவவில்லையாம். பெட்டிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம். தன் கலியாண நாள் வந்தால் அவள் ஒன்றும் சமைப்பதில்லையாம். புருசனுக்குக்கூடக் காரணம் சொன்னதில்லையாம். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, என்னை ஏசுவாள் என்று நான் காத்திருந்தபோது, "ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ இருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பாய், இவளுக்குப் பயம் என்று.

நீ குதிக்கவில்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆளாக நான் முப்பத்தேழு வருடம் இருந்தேன். இப்போது இரண்டு பேர். சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் இனி நான் காவிக்கொண்டு போகவேண்டும்.